பழைய காரும் சர்வீஸ் ஃபைலும்: குறையை மறைத்து விற்பதில் பரக்கத் இல்லை

(ஜும்ஆ பயான் – எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக. அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே, அன்புச் சகோதரர்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன். தக்வா என்றால் தொழுகை விரிப்பில் மட்டும் இருப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விரிப்பை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போன பிறகு, கையில் பணம் மாறுகிற அந்த நேரத்தில்தான் அதற்குச் சோதனை வருகிறது. ஷுஐப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் மத்யன் மக்களை அல்லாஹ் குர்ஆனில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். இணைவைத்ததோடு, அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்ததும் அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றம். வியாபாரம் தீனுக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல.

இன்று பழைய கார் வாங்குவது, விற்பது பற்றிப் பேசப்போகிறோம். மிம்பரில் காரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் ஊரில் எத்தனை பேர் செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருக்கிறோம்? எத்தனை பேர் அந்தத் தொழிலிலேயே இருக்கிறோம்? மெக்கானிக், புரோக்கர், டிங்கரிங், பெயிண்டிங் என்று இந்த ஸஃப்புகளில் உட்கார்ந்திருக்கும் பல பேருடைய ரிஜ்க் இதில்தான் இருக்கிறது. அந்த ரிஜ்க் ஹலாலாக இருக்க வேண்டும் அல்லவா?

ஒரே மாடல், ஒரே வருஷம், இரண்டு விலை ஏன்?

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன இரண்டு கார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறம். ஒன்றோடு ஒரு ஃபைல் வருகிறது. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள், பிரேக் எப்போது பார்த்தார்கள், கிளட்ச் எப்போது போட்டார்கள் என்று பில்லும் ஜாப் கார்டும் வரிசையாக இருக்கின்றன. இன்னொன்றோடு வெறும் சாவி மட்டும் வருகிறது. விவரம் தெரிந்தவர் முதல் காருக்குக் கூடுதலாகவே கொடுக்கத் தயாராக இருப்பார்.

காரணம் எளிது. காரின் மேல்பக்கத்தை ஒரு நாளில் பளபளப்பாக்கிவிடலாம். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் இன்ஜினுக்குள் கசடு படியும்; வெளியே ஒன்றும் தெரியாது. டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில், கம்பெனி சொன்ன கிலோமீட்டர் அளவில் அதை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டு அது ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே வீணாகிவிடும். அறுவதற்கு முந்தின நாள் வரை வண்டி நன்றாகத்தான் ஓடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால், மலையில் இறங்கும்போது சூடேறி, மிதித்த பிரேக் பிடிக்காமல் போகலாம்.

ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி சொல்கிறது. சாட்சியை மறைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய கார் வாங்க வருகிறவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பெரும் பணக்காரர் புது வண்டி எடுப்பார். பழைய வண்டி தேடி வருகிறவர், பத்து வருஷம் சபுரில் இருந்து சேர்த்த காசோடு வந்தவர். மகளின் பிரசவத்துக்கு நடுராத்திரியில் ஆட்டோ கிடைக்காமல் தவித்தவர். நடக்க முடியாத உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியவர். அந்த வண்டியில் அவர் பிள்ளைகள் பின்னால் உட்காரப் போகிறார்கள். அவர் தருவது பணம் மட்டும் இல்லை, உங்கள் மீது வைத்த நம்பிக்கையும் சேர்த்துத்தான் தருகிறார். அது அமானிதம்.

மழையில் நனைந்த தானியம்

மதீனாவின் கடைத்தெருவில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது, அல்லாஹ்வின் தூதரே என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. நாம் பலமுறை கேட்டதுதான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. இந்தத் தானியம் காய்ந்தது என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. நனைந்ததும் அவர் குற்றம் இல்லை. மழை அல்லாஹ் இறக்கியது. எதை மேலே வைப்பது, எதை அடியில் வைப்பது என்று முடிவு செய்தது மட்டும்தான் அவர் செய்த காரியம். அதற்குத்தான் இவ்வளவு கடுமையான எச்சரிக்கை.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. அது யார் குற்றமும் இல்லை. பிறகு அந்த வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து, வேறு ஊருக்குக் கொண்டுபோய், வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்றால், அது மேலே காய்ந்த தானியமும் அடியில் ஈரத் தானியமும் வைத்த கதைதான். தண்ணீர் ஏறிய வண்டியில் வயரிங் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஏர்பேக்கை இயக்கும் கருவியும் கெட்டிருக்கலாம். எந்த நேரத்தில் எது நிற்கும் என்று சொல்ல முடியாது. மழை அல்லாஹ்வின் ஏற்பாடு, மறைத்தது நம் கையின் செயல்.

‘அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை’ என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். தானியக்காரரிடமும் யாரும் கேட்கவில்லை. உக்பா இப்னு ஆமிர் ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது: குறை உள்ள பொருளை, அந்தக் குறையை விளக்காமல் தன் சகோதரருக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஹலால் இல்லை என்பது அதன் கருத்து. சொல்ல வேண்டிய கடமை விற்பவருடையது. கேட்காமல் விட்டது வாங்குபவரின் குற்றம் ஆகாது.

கட்டிவைத்த மடியும் குறைத்துவைத்த மீட்டரும்

அரபு நாட்டில் ஒரு தந்திரம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பெருத்து நிற்கும். வாங்குபவர் மடியைப் பார்த்து, நிறையக் கறக்கும் என்று நம்பி வாங்குவார். இரண்டு நாள் கறந்த பிறகுதான் உண்மை தெரியும். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்கு, வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு, திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. திருப்பிக் கொடுத்தால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழம் தர வேண்டும் என்று வழிகாட்டினார்கள். மூன்று நாள் அவகாசம் என்றும் அறிவிப்பு இருக்கிறது. வாங்கியவர் ஏமாற்றப்பட்டிருந்தாலும் அவர் குடித்த பாலுக்குக் கணக்கு! இதுதான் நம் தீனின் நீதி.

ஓடோமீட்டரைக் குறைப்பது இதே வேலைதான். ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியை அறுபதாயிரம் என்று காட்டுகிறார்கள். விற்பவர் பேசவே வேண்டாம். அன்று மடி பேசியது, இன்று மீட்டர் பேசுகிறது. மீட்டர் டிஜிட்டலாக மாறியதால் இந்த வேலை நின்றுவிடவில்லை. கருவியை மாட்டி எண்ணை மாற்றிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் சர்வீஸ் ரெக்கார்டின் மதிப்பு தெரியும். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பில்லில் 92,000 என்று இருக்க, இன்று மீட்டரில் 58,000 என்று இருந்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடும். அதனால்தான் மீட்டரைக் குறைத்தவர் ஃபைலைக் கிழிக்கிறார். கேட்டால், வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்கிறார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். காசு கொடுத்து மீட்டரைக் குறைக்கச் சொன்னவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு, குறைத்துக் கொடுத்தவருக்கும் உண்டு.

ஃபைல் இல்லாவிட்டால் விற்கக் கூடாதா?

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வாரண்டி முடிந்த பிறகு நம்மில் பல பேர் ஷோரூமுக்குப் போவதில்லை. தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கிடம் விடுகிறோம். அவர் பில் தரமாட்டார். வேலை நன்றாகச் செய்வார். இதில் பாவம் ஒன்றும் இல்லை. ‘ஐந்து வருஷம் ஷோரூமில் பார்த்தேன், பில் இருக்கிறது. அதற்குப் பிறகு வெளியில் பார்த்தேன், பில் இல்லை. வேண்டுமானால் அந்த மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். இது உண்மை, இது போதும். கொஞ்சம் விலை குறையும். குறையட்டும்.

பில் இல்லாததற்காகப் பழைய தேதி போட்டுப் போலி பில் தயார் செய்வது, ‘ஃபுல் ஷோரூம் சர்வீஸ், கிலோமீட்டர் ஒரிஜினல், சிங்கிள் ஓனர்’ என்று இல்லாததை விளம்பரத்தில் போடுவது, இவைதான் ஹராம்.

குறை என்றால் எது என்று ஃபிக்ஹ் நூல்களில் நம் இமாம்கள் அளவுகோல் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துறை வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது குறை. அப்படியானால் நம் மனசுக்குச் சின்னதாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியே இல்லை. விபத்தில் சேஸிஸ் வளைந்து நிமிர்த்தியது, இன்ஜின் பிரித்துக் கட்டியது, வெள்ளத்தில் நின்றது, டாக்ஸியாக ஓடியது, மீட்டர் மாற்றியது: இவை தெரிந்தால் சந்தையில் விலை குறையுமா? குறையும். அப்படியானால் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்றது தெரிந்தால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. இதற்கு கியாருல் ஐப் என்று பெயர். அதன் விரிவான சட்டங்களை உங்கள் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இருக்கிறபடி எடுத்துக்கோ’ என்றால் பொறுப்பு தீருமா?

புரோக்கர்களிடம் ஒரு வார்த்தை உண்டு. ‘பாய், வண்டி முன்னால் நிற்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு வந்து எதுவும் கேட்கக் கூடாது.’ இப்படிச் சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

இமாம் மாலிக் ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்களின் முவத்தாவில் ஒரு சம்பவம் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹுமா அவர்கள், குறைகளுக்கு நான் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு தம் அடிமை ஒருவரை 800 திர்ஹமுக்கு விற்றார்கள். வாங்கியவர், இவருக்கு ஒரு நோய் இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லையே என்றார். வழக்கு கலீஃபா உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் போனது. விற்றபோது எனக்குத் தெரிந்த நோய் எதுவும் இல்லை என்று அல்லாஹ் மீது சத்தியம் செய்யுங்கள் என்று உஸ்மான் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு அவர் குணமடைந்து, 1500 திர்ஹமுக்கு விற்கப்பட்டார்.

எவ்வளவு பெரிய பாடம்! நிபந்தனை போட்டிருந்தும், உனக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்வதைவிட நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று அந்த ஸஹாபி ஒதுங்கினார். அல்லாஹ் அவருக்கு நஷ்டம் வரவிடவில்லை; ஏறக்குறைய இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தான்.

‘இருக்கிறபடி’ என்று விற்பவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும்: இந்த வண்டியில் எனக்குத் தெரிந்த குறை எதையும் நான் மறைக்கவில்லை என்று அல்லாஹ் மீது சத்தியம் செய்ய என்னால் முடியுமா? முடியும் என்றால் நிம்மதியாக விற்கலாம்.

எழுதிக் கொடுப்பது சுன்னத்தான வழி

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கும் அல்-அத்தாஉ இப்னு காலித் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கும் இடையே ஒரு விற்பனை நடந்தபோது அது எழுதப்பட்டது. நோய் இல்லை, வஞ்சகம் இல்லை, ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு செய்யும் வியாபாரம் இது என்ற கருத்து அதில் இருந்தது. திர்மிதியில் வரும் அறிவிப்பு இது. பொய் சொல்லவே தெரியாத நபி! அவர்களே பொருளின் நிலையை எழுத்தில் வைத்தார்கள் என்றால் நமக்கு எவ்வளவு அவசியம்?

வண்டி விற்கும்போது ஒரு தாளில் எழுதுங்கள். இத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ன வருஷம் முன்பக்கம் இடித்து பம்பரும் பானெட்டும் மாற்றினோம். கிளட்ச் இன்ன தேதியில் போட்டோம். ஏசி இப்போது சரியாகக் குளிர்வதில்லை. பேங்க் லோன் முடிந்துவிட்டது, ஆர்.சி.யில் அதை நீக்கியாகிவிட்டது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு சண்டைக்கு இடமே இல்லை.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். விற்றுவிட்டோம் என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி. பழைய பெயரிலேயே கிடந்தால், அந்த வண்டி விபத்தில் சிக்கும்போது இழப்பீட்டுக்கான பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மீதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான், அதன்பின் எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

மெக்கானிக்குகளுக்கும் புரோக்கர்களுக்கும்

வாத்திலா இப்னுல் அஸ்கஃ ரலியல்லாஹு அன்ஹு என்ற ஸஹாபி. ஒருவர் ஒட்டகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார். வாத்திலா பின்னாலேயே போய், இதில் உள்ள குறையை விற்றவர் சொன்னாரா என்று கேட்கிறார். கொழுத்து நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் அவர். இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்கிறார் வாத்திலா. ஹஜ்ஜுக்குப் போக என்கிறார். அப்படியானால் கேட்டுக்கொள், இதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார். விற்றவருக்குக் கோபம், என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்கிறார். அப்போது வாத்திலா, குறையைச் சொல்லாமல் விற்பது ஹலால் இல்லை, அதைத் தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஹலால் இல்லை என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாகக் கூறினார்கள். முஸ்னத் அஹ்மதில் இது பதிவாகியிருக்கிறது.

மெக்கானிக் சகோதரர்களே, இந்த இரண்டாவது பகுதி உங்களுக்கு. வண்டியைப் பார்க்கச் சொல்லி ஒருவர் உங்களைக் கூட்டிப்போகிறார். அந்தப் பக்கம் புரோக்கர் கண்ணைக் காட்டுகிறார். அவர் தரும் ஆயிரம் ரூபாய்க்காக இன்ஜின் சூப்பர் என்று சொல்லிவிட்டால், அந்தக் காசு உங்கள் பிள்ளை வயிற்றுக்குப் போகிறது. உங்கள் நாக்கை நம்பித்தான் அந்த மனிதர் வந்தார்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை

முதஃப்பிஃபீன் அத்தியாயம் யாரைக் கண்டிக்கிறது? வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களை. நாமும் அப்படித்தான். வாங்கும்போது ஒரு சின்னக் கோடு தெரிந்தால் இருபதாயிரம் குறைக்கச் சொல்கிறோம். அதே வண்டியை விற்கும்போது அந்தக் கோடு கண்ணுக்கே தெரிவதில்லை.

ஃபைல் கேளுங்கள். விற்பவரோடு சர்வீஸ் சென்டருக்கே போய் வண்டி நம்பரைச் சொல்லி விவரம் கேளுங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். இதெல்லாம் சந்தேக புத்தி இல்லை, எச்சரிக்கை. ஆனால் இல்லாத குறையை இட்டுக்கட்டி, அவசரத்துக்கு விற்கிறவரை மிரட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்தவர்கள். அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹமுக்குப் பேசப்பட்டது. குதிரையைப் பார்த்ததும், இது இன்னும் கூடுதல் பெறுமே என்று சொல்லிச் சொல்லி 800 வரை உயர்த்திக் கொடுத்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. வாங்குபவரே விலையை ஏற்றினார்! அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், அநியாயமாகக் குறைக்காமல் இருக்கவாவது முடியும்.

ஏற்கெனவே மறைத்து விற்றிருந்தால்?

தௌபாவின் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் இது மனித உரிமை. அழுது துஆ செய்தால் மட்டும் போதாது. வாங்கியவரைத் தேடிப் போங்கள், உண்மையைச் சொல்லுங்கள். அவர் வண்டியைத் திருப்பித் தருவதா, வித்தியாசப் பணத்தை வாங்கிக்கொள்வதா, மன்னிப்பதா என்பது அவர் உரிமை. ஆளே கிடைக்கவில்லை என்றால்? இமாம் அபூஹனீஃபா ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரி. குறை உள்ள துணி ஒன்றைக் காட்டி, சொல்லி விற்கும்படி பங்காளியிடம் அனுப்பினார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் இமாம் அவர்கள் ஸதகா செய்துவிட்டார்கள். மறதிக்கே அப்படி என்றால், தெரிந்தே மறைத்ததற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று யோசியுங்கள்.

அன்பர்களே! வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும்; மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மறைத்ததால் கூடுதலாகக் கிடைத்த ஐம்பதாயிரம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும், எந்த வழக்குக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. சின்னதையும் பெரியதையும் விட்டுவைக்காத ஏடு என்று கஹ்ஃப் அத்தியாயம் அதைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஏட்டில் பக்கம் கிழிக்க முடியாது. அந்த மீட்டரைக் குறைத்துக் கொடுக்க எந்த ஊரிலும் ஆள் கிடையாது. நாளை மறுமையில் அது திறக்கப்படும்போது, என் அடியான் விற்ற வண்டியில் குறையைச் சொல்லி விற்றான் என்று ஒரு வரி இருந்தால், அது எத்தனை பெரிய நிம்மதி!

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உண்மையின் மீது நிலைக்கச் செய்வாயாக. எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக. நாங்கள் யாரையாவது ஏமாற்றியிருந்தால் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் மனத்தையும் வசதியையும் தருவாயாக. ஏமாற்றப்பட்டவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொடுப்பாயாக. சாலையில் செல்லும் எங்கள் பிள்ளைகளையும் குடும்பங்களையும் விபத்துகளிலிருந்து பாதுகாப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.